'ஆள் ஏறவில்லை' என்று பஸ்ஸை நிறுத்தும்போது கணக்கில் விடுபடுவது என்ன?

கிராமத்து வழித்தடம் ஒன்று நிறுத்தப்படும் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் அருகருகே அச்சாகின்றன. "ஒரு நடைக்கு ஆறேழு பேர்தான் ஏறுகிறார்கள், கட்டுப்படியாகவில்லை" என்கிறார்கள் பஸ்ஸை இயக்குபவர்கள். "இதையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை" என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அவ்வளவு தேவை இருந்தால் ஏன் ஏறவில்லை என்று படிப்பவருக்குக் குழப்பம். யாரோ ஒருவர் மிகைப்படுத்துகிறார் என்றுதான் தோன்றும்.

பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மை. அது எப்படி என்று புரிய, ஒரே ஒரு பஸ் ஒரு நாளில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. நடை: வழித்தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருமுறை ஓடுவது. டெப்போவில் இதை 'சிங்கிள்' என்பார்கள். போய் வந்தால் இரண்டு நடை.

2. இடைவெளி: ஒரு நிறுத்தத்தில் ஒரு பஸ் போன பிறகு, அதே திசையில் அடுத்த பஸ் வரும்வரை ஆகும் நேரம்.

3. சுற்று நேரம்: கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து அடுத்த நடைக்குத் தயாராகும்வரை ஆகும் மொத்த நேரம். ஓடும் நேரத்தோடு இரு முனைகளிலும் நிற்கும் நேரமும் இதில் சேரும்.

4. காலி ஓட்டம்: டெப்போவிலிருந்து முதல் நிறுத்தத்துக்கும், இரவில் கடைசி நிறுத்தத்திலிருந்து டெப்போவுக்கும் பயணிகள் இல்லாமல் ஓடும் தூரம். கடைசி நடை முடிந்த பஸ் கிராமத்திலேயே இரவு தங்கி, விடிகாலையில் அங்கிருந்தே கிளம்பினால் இந்தத் தூரம் மிச்சமாகும். 'நைட் ஹால்ட்' என்ற ஏற்பாடு இதற்காகத்தான்.

இவற்றுக்குள் ஓர் எளிய தொடர்பு உண்டு. சுற்று நேரத்தைப் பஸ்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். கிராமப்புறப் போக்குவரத்தின் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு வகுத்தலில் அடங்கியிருக்கிறது.

## ஒரு பஸ், ஒரு நாள்

நகரத்திலிருந்து 24 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். ஒரு நடைக்கு 48 நிமிடம். முனையில் 12 நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம். சுற்று நேரம் 2 மணி. இந்த வழித்தடத்துக்கு ஒரே ஒரு பஸ்தான் இருக்கிறது.

அது நகரத்திலிருந்து காலை 5, 7, 9, 11 என்று கிளம்பும். கடைசி நடை இரவு 7 மணிக்கு. கிராமத்திலிருந்து காலை 6, 8, 10 என்று கிளம்பும். கடைசி நடை இரவு 8 மணிக்கு. இரண்டு ஷிப்டு ஊழியர்கள், 16 நடை, 384 கிலோமீட்டர். ஒரே பஸ்ஸை வைத்துக்கொண்டு இதைவிட அதிகம் செய்வது கடினம். அட்டவணையில் பார்த்தால் கிராமத்துக்கு நாளொன்றுக்கு எட்டு பஸ். நல்ல சேவை போலத்தான் தெரியும்.

இப்போது அந்தக் கிராமத்தில் ஒருவர் ரத்தப் பரிசோதனைக்காக நகரத்து மருத்துவமனைக்குப் போகிறார். 8 மணி பஸ்ஸில் ஏறி 8:48-க்கு இறங்குகிறார். சீட்டு வாங்கி, காத்திருந்து, மருத்துவரைப் பார்த்து வெளியே வரும்போது 11:05. ஐந்து நிமிடம் முன்னால்தான் பஸ் கிளம்பிப் போயிருக்கிறது. அடுத்தது 1 மணிக்கு. வீட்டுக்கு வந்து சேரும்போது 1:48. மருத்துவரோடு பேசியது கால் மணி நேரம். போனது ஏறக்குறைய ஆறு மணி நேரம். தினக்கூலி வாங்குபவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

இரண்டு மணி நேர இடைவெளியில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்து நிற்பதில்லை. நேரத்தை மனப்பாடம் செய்துவிட்டு, பஸ் வரும் நேரத்துக்குத்தான் வருகிறார்கள். அதனால் நிறுத்தத்தில் ஒரு கணக்கெடுப்பாளர் நின்றால் 'காத்திருப்பு குறைவு' என்றே எழுதுவார். உண்மையான காத்திருப்பு வேறு எங்கோ நடக்கிறது: மருத்துவமனைத் திண்ணையில், மூடிய அலுவலகத்தின் வாசலில், பள்ளி தொடங்க ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்காரும் பிள்ளைகளின் காலையில். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

## காலி பஸ் எங்கே நின்று பார்த்தால் காலி?

மேலே சொன்ன 8 மணி நடையையே எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் ஏறியவர்கள் ஆறு பேர். பாதி வழியில் பஸ்ஸுக்குள் 25 பேர். நகர எல்லைக்கு வரும்போது 50 பேர், படிக்கட்டு வரை கூட்டம். கிராமத்து முனையில் நின்று எண்ணியவருக்கு அது காலி பஸ். நகரத்தில் நின்றவருக்கு அது நெரிசல் பஸ். வழித்தடத்தின் கடைக்கோடியில் பஸ் காலியாக இருப்பது இயல்பு. எல்லோரும் இறங்கிய பிறகுதான் அது முனைக்குப் போய்ச் சேருகிறது, யாரும் ஏறாத இடத்திலிருந்துதான் அது தொடங்குகிறது.

திசையும் முக்கியம். காலையில் எல்லோரும் நகரத்தை நோக்கிப் போகிறார்கள். 50 பேரை இறக்கிவிட்டு 9 மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் நாலு பேர் இருந்தால், இரண்டு நடைக்கும் சராசரி 27. அந்த நாலு பேர் நடையை நஷ்டம் என்று வெட்ட முடியாது. பஸ் கிராமத்துக்குத் திரும்பாமல் அங்கிருந்து அடுத்த நடை எப்படிக் கிளம்பும்?

## கடைசி பஸ் செய்யும் வேலை

வருவாய்ப் பட்டியலில் அடிமட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இரவின் கடைசி நடைதான். முதலில் கைவைக்கப்படுவதும் அதில்தான். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: கிராமத்து வழித்தடத்தில் செய்யக்கூடிய மோசமான சிக்கனம் கடைசி நடையை நிறுத்துவது.

நகரத்துக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெண் காலை 8 மணி பஸ்ஸில் போய் இரவு 7 மணி பஸ்ஸில் திரும்புகிறார். 7 மணி நடை நின்றுபோனால் அவருக்குக் கிடைப்பது மாலை 5 மணி பஸ். 5 மணிக்கு வேலையிலிருந்து கிளம்ப முடியாது. ஒன்று வேலையை விட வேண்டும், அல்லது வீட்டில் யாராவது இருசக்கர வண்டி வாங்க வேண்டும். எதைச் செய்தாலும், அவர் 7 மணி பஸ்ஸை மட்டும் விடுவதில்லை. காலை 8 மணி பஸ்ஸையும் சேர்த்தே விடுகிறார். அடுத்த ஆண்டுக் கணக்கில் காலை நடையின் வருவாய் குறைந்திருக்கும், அதற்கான காரணம் அந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்காது.

என்றைக்காவது வேலை நீண்டுவிட்டால் வீடு திரும்ப ஒரு பஸ் இருக்கிறது என்ற தைரியம்தான் பலரைக் காலையில் பஸ்ஸில் ஏற வைக்கிறது. அந்தத் தைரியத்துக்கு விலை கொடுப்பது கடைசி நடை. கலெக்‌ஷன் சேர்வது மற்ற நடைகளில். நடைவாரியாக லாப நஷ்டம் பார்ப்பவருக்கு இந்தத் தொடர்பு தெரிய வாய்ப்பே இல்லை.

## சுழல் எப்படி உருவாகிறது?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதன் கணக்கை விளக்கினார். பயணிகள் கூடினால் பஸ்கள் கூடும். பஸ்கள் கூடினால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் ஏற்கெனவே பயணம் செய்பவர்களின் காத்திருப்பும் குறையும். ஒருவர் பஸ்ஸில் ஏறுவது மற்றவர்களுக்கும் நன்மை தருகிறது. பொதுப்போக்குவரத்துக்கு அரசு பணம் கொடுப்பதற்கான வலுவான பொருளாதார வாதங்களில் இது ஒன்று.

இதே சக்கரம் பின்னோக்கியும் சுற்றும்:

1. பயணிகள் சற்றுக் குறைகிறார்கள். இரண்டு பஸ்ஸில் ஒன்று வேறு வழித்தடத்துக்கு மாற்றப்படுகிறது.
2. இடைவெளி ஒரு மணியிலிருந்து இரண்டு மணி ஆகிறது. வண்டி வாங்க வசதி உள்ளவர்கள் விலகுகிறார்கள்.
3. மிஞ்சுவது பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கையில் காசில்லாதவர்கள். இவர்களில் பலருக்குச் சலுகைக் கட்டணம். வருவாய் மேலும் இறங்குகிறது.
4. 'ஆள் ஏறவில்லை' என்று அறிக்கை எழுதப்படுகிறது.

நாலாவது படியில் சொல்லப்படுவது பொய்யல்ல. ஆனால் முதல் மூன்று படிகளைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால், விளைவு காரணமாகத் தோன்றிவிடுகிறது.

## ஒரு நடையை வெட்டினால் எவ்வளவு மிச்சம்?

கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு வரவு, ஆகவே இவ்வளவு நஷ்டம் என்று செய்திகளில் வரும் எண் ஒரு சராசரி. பஸ்ஸின் விலை, டிரைவர் கண்டக்டர் சம்பளம், டெப்போ, பழுதுபார்ப்பு, டீசல், டயர் எல்லாவற்றையும் கூட்டி மொத்தக் கிலோமீட்டரால் வகுத்தது. ஒரு நடையை நிறுத்தினால் அந்தச் சராசரி அப்படியே மிச்சமாகும் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு.

காலை 8 மணி நடைக்கு அந்தப் பஸ் எப்படியும் வேண்டும். அதற்கான ஊழியர்கள் ஷிப்டில் எப்படியும் இருக்கிறார்கள். மதியம் 12 மணி நடையை ரத்துசெய்தால் பஸ்ஸின் விலையும் மாறாது, சம்பளமும் மாறாது. மிச்சமாவது டீசலும் தேய்மானமும்தான். ஊழியர்கள் அந்த நேரத்தில் டெப்போவில் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான சேமிப்பு வர வேண்டுமென்றால் ஒரு முழு ஷிப்டையோ ஒரு முழு பஸ்ஸையோ எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் காலைக் கூட்டமும் போய்விடும்.

'சின்ன பஸ் விடலாமே' என்ற யோசனைக்கும் இதே விடைதான். குறுகிய சாலையில் சின்ன பஸ் நுழையும், டீசல் குறையும், அது நல்லதே. ஆனால் செலவில் பெரும்பங்கான டிரைவர் சம்பளம் பஸ்ஸின் நீளத்தைப் பொறுத்தது அல்ல. காலையில் 50 பேர் ஏறும் வழித்தடத்தில் 20 இருக்கை வண்டியை விட்டால் மீதி 30 பேர் சாலையில் நிற்பார்கள்.

## கிளையை வெட்டிய பிரிட்டன்

இந்தக் கணக்கை ஒரு நாடே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். தடத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் போக்குவரத்தில் வெறும் 1 சதவீதத்தையே சுமக்கிறது என்று அது காட்டியது. 2,363 நிலையங்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் தடத்தையும் மூடப் பரிந்துரைத்தது. எல்லாம் நிறைவேறவில்லை என்றாலும் பெரும்பகுதி மூடப்பட்டது.

எதிர்பார்த்த அளவுக்கு நஷ்டம் குறையவில்லை. அதற்கு ஒரு காரணம், கிளைத் தடத்தில் ஏறியவர் அங்கேயே இறங்குபவர் அல்ல. சந்திப்பில் மாறி முதன்மைத் தடத்தில் நீண்ட தூரம் போனவர். அவருடைய பணத்தில் பெரும்பகுதி முதன்மைத் தடத்தின் வரவாக எழுதப்பட்டிருந்தது. கிளை மூடியதும் சந்திப்பு வரை காரில் போய் ரயிலேறுவார் என்று எதிர்பார்த்தார்கள். காரில் ஏறியவர்களில் பலர் சேரும் ஊர் வரை காரிலேயே போய்விட்டார்கள். ரயிலுக்குப் பதிலாக விடப்பட்ட பஸ்களும் பல இடங்களில் வெகுகாலம் நிலைக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதி வழியாக எடின்பரோவிலிருந்து கார்லைலுக்குப் போன தடம் 1969 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரையான பகுதியை மட்டும் மறுபடி அமைத்துத் திறக்க 2015 செப்டம்பர் வரை ஆனது. இடையில் 46 ஆண்டுகள். அங்கே பிறந்து வளர்ந்து, படிப்புக்கும் வேலைக்கும் ஊரைவிட்டுப் போன ஒரு தலைமுறைக்கு அந்தத் திறப்பு விழாவால் பயன் எதுவும் இல்லை.

பஸ்ஸுக்கு வந்தது வேறு மாற்றம். 1985-ம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1986 அக்டோபர் 26 முதல் லண்டனுக்கு வெளியே பிரிட்டன் முழுவதும் உரிமம் பெற்ற யார் வேண்டுமானாலும் வழித்தடத்தைப் பதிவுசெய்து பஸ் விடலாம் என்றானது. அதுவரை கூட்டமுள்ள வழித்தடத்தின் லாபம் கூட்டமில்லாத வழித்தடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். போட்டி வந்ததும் எல்லோரும் கூட்டமுள்ள தடத்துக்கே போனார்கள். மீதியை 'சமூகத் தேவை' என்ற பெயரில் உள்ளாட்சி மன்றங்கள் டெண்டர் விட்டுப் பணம் கொடுத்து ஓட்ட வேண்டியதாயிற்று. மன்றத்தின் நிதி சுருங்கும்போதெல்லாம் முதலில் போவது அந்தப் பஸ்தான்.

## பஸ் எதற்காக ஓடுகிறது?

இதுவரை சொன்னதன் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. பல நாடுகள் அதை வெளிப்படையாகக் கேட்பதில்லை. ஒரு பஸ் இரண்டு வேறு நோக்கங்களுக்காக ஓடலாம்.

1. அதிகம் பேரை ஏற்றுவது. இதற்குக் கூட்டமுள்ள நேர்சாலைகளில் அடிக்கடி பஸ் விட வேண்டும்.
2. எல்லோரையும் எட்டுவது. இதற்கு ஒவ்வொரு குடியிருப்புக்கும், ஆள் குறைவாக இருந்தாலும், ஏதோ ஒரு சேவை இருக்க வேண்டும்.

கையிலுள்ள பஸ்கள் குறைவு என்பதால் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இரண்டும் நியாயமான நோக்கங்களே. தவறு எங்கே நேர்கிறது என்றால், இரண்டாவது நோக்கத்துக்காக விடப்பட்ட பஸ்ஸை முதல் நோக்கத்தின் அளவுகோலால் அளக்கும்போது. தீயணைப்பு வண்டி இந்த மாதம் எத்தனை முறை வெளியே போனது என்று எண்ணி அதை யாரும் விற்றுவிடுவதில்லை.

சுவிட்சர்லாந்து இதற்குச் சட்டத்திலேயே விடை எழுதி வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் குறைந்தது 100 பேர் வசிக்கும் குடியிருப்பை இணைக்கும் வழித்தடத்துக்குக் கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளான கான்டன்களும் சேர்ந்து பணம் கொடுக்கலாம். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது எத்தனை நடை என்பதைத் தீர்மானிக்கும். பஸ்ஸே வேண்டுமா என்ற கேள்வியை மக்கள்தொகை தீர்த்துவிடுகிறது. அங்கே மலைக்கிராமங்களுக்குப் போகும் மஞ்சள் நிற அஞ்சல் பஸ்கள் 1906 முதல் ஓடுகின்றன. கடிதங்களும் மனிதர்களும் ஒரே வண்டியில் போன காலத்தின் தொடர்ச்சி அது.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது அவர்களுடைய அட்டவணை. 1982 மே மாதம் முதல் நாடு முழுவதும் ரயில்கள் மணிக்கு ஒன்று, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் என்ற முறைக்கு மாறின. சந்திப்பு நிலையத்துக்கு எல்லாத் திசை ரயில்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, சில நிமிடம் நின்று, மறுபடி பிரிகின்றன. கிராமத்துப் பஸ்ஸும் அந்தச் சில நிமிடத்துக்குள் வாசலில் வந்து நிற்கும்படி நேரம் குறிக்கப்படுகிறது. மணிக்கு ஒரே பஸ் உள்ள கிராமத்துக்கும் மாறும் இடத்தில் காத்திருப்பு பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. பஸ் எண்ணிக்கையைக் கூட்டாமல், வெறும் நேரப் பொருத்தத்தால் கிடைக்கும் பயன் இது. நம் உதாரணத்தில் 11 மணி பஸ் 11:15-க்குக் கிளம்பியிருந்தால் அந்த நோயாளிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

## கூப்பிட்டால் வரும் வண்டி

'நிலையான வழித்தடம் எதற்கு, போனில் கூப்பிட்டால் வரும் சிறு வண்டி போதுமே' என்பது இப்போது எங்கும் கேட்கும் யோசனை. ஆள் மிகவும் சிதறி வாழும் பகுதிக்கும், இரவு நேரத்துக்கும், நடக்க முடியாதவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒருவரை ஏற்றி இறக்கி, அடுத்தவரிடம் காலியாக ஓடிப்போகக் கால் மணி நேரம் பிடித்தால், ஒரு டிரைவர் மணிக்கு நாலு பேரைத்தான் சுமக்க முடியும். நிலையான பஸ்ஸில் ஆள் கூடக்கூட ஒருவருக்கான செலவு குறையும். இதில் ஆள் கூடினால் வண்டியும் டிரைவரும் கூட வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்னிஸ்ஃபில் என்ற ஊர் 2017-ல் பஸ் விடுவதற்குப் பதிலாக ஊபர் பயணங்களுக்கு மானியம் கொடுத்தது. மக்களுக்குப் பிடித்துப்போனது, பயணங்கள் பெருகின, மானியச் செலவும் கூடவே பெருகியது. 2019-ல் கட்டணம் உயர்த்தப்பட்டது, ஒருவருக்கு மாதம் 30 பயணம் என்ற வரம்பும் வந்தது. வேலைக்குப் போய்வர மாதம் நாற்பது பயணமாவது வேண்டுமே என்று யோசித்தால் அந்த வரம்பின் பொருள் புரியும்.

டிரைவர் சம்பளத்தையே வேறு வழியில் கையாண்ட இடங்களும் உண்டு. நெதர்லாந்தில் 1977 முதலும் ஜெர்மனியில் 1985 முதலும் ஊர்மக்களே முறைவைத்துச் சம்பளமில்லாமல் ஓட்டும் பஸ்கள் இருக்கின்றன. எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றாததால் பெரிய பஸ் ஓட்டும் உரிமம் இல்லாமலே அவற்றை ஓட்ட முடிகிறது. ஓய்வுபெற்ற, உடல்நலமுள்ள தன்னார்வலர்கள் ஊரில் இருக்கும்வரை இது நன்றாக நடக்கும்.

கட்டணத்தைக் குறைப்பதோ இலவசமாக்குவதோ பற்றி ஒன்றே சொல்லலாம்: பஸ் இருக்கும் இடத்தில் அது ஏழைகளுக்குப் பெரிய உதவி. பஸ் இல்லாத நேரத்தில் இலவச டிக்கெட்டால் யாரும் பயணம் செய்ய முடியாது.

## நிறுத்தப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தால்

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவை, முக்கியத்துவத்தின் வரிசையில்:

1. இந்த வழித்தடம் அதிகம் பேரை ஏற்றுவதற்காக விடப்பட்டதா, எல்லோரையும் எட்டுவதற்காக விடப்பட்டதா? எந்த ஆவணத்தில் அப்படி எழுதியிருக்கிறது?
2. பயணிகளை எண்ணியது எந்த நிறுத்தத்தில், எந்தத் திசையில், எந்த நாளில்? பள்ளி விடுமுறை வாரத்தில் எடுத்த கணக்கா?
3. மிச்சமாகும் என்று சொல்லும் தொகை சராசரிச் செலவா, உண்மையில் குறையப்போகும் செலவா? எத்தனை பஸ், எத்தனை ஷிப்டு குறைகிறது?
4. இந்த பஸ்ஸிலிருந்து இறங்கி வேறு பஸ்ஸோ ரயிலோ ஏறுபவர்கள் எத்தனை பேர்? அந்த வரவு எங்கே எழுதப்படுகிறது?
5. கடந்த சில ஆண்டுகளில் இதே வழித்தடத்தில் எந்தெந்த நடைகள் குறைக்கப்பட்டன? அதற்கு முன் எவ்வளவு பேர் ஏறினார்கள்?
6. நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்களா?

ஐந்தாவது கேள்விக்கான விடை பழைய டிரிப் ஷீட்டுகளில், அதாவது நடைவாரிப் பதிவுத் தாள்களில், இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்குவது ஊராட்சியால் முடியக்கூடிய காரியம். டிக்கெட் மெஷினில் கிடைக்காத எண் ஒன்றையும் ஊரே சேர்க்கலாம். ஏறியவரைத்தான் மெஷினுக்குத் தெரியும். தவணைத் தேதிக்கு வராத நோயாளிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் இருக்கிறார்கள். மேல்நிலை வகுப்புக்கு நகரத்துக்குப் போகாமல் நின்றுவிட்ட பெண் பிள்ளைகள் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்ப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒரு வாரம் வீடுவீடாகப் போய், 'இந்த மாதம் போக வேண்டியிருந்தும் போகாமல் விட்ட பயணம் எது, எந்த நேரத்துக்குப் பஸ் இருந்திருந்தால் போயிருப்பீர்கள்' என்று கேட்டு எழுதினால், இரண்டு பத்தி கொண்ட ஒரு பட்டியல் கிடைக்கும். வழித்தடத்தை நிறுத்துவதற்கு முன் அதிகாரியின் மேசையில் கலெக்‌ஷன் கணக்கோடு அந்தப் பட்டியலும் இருக்க வேண்டும்.